லேப்பக்கா மோந்து பார்த்த பாட்டில்

பழுப்புக் கண்ணாடியில் அரை லிட்டர் பாட்டில் ஒன்று. குட்டைக் கழுத்து, அகலத் தோள், கறுப்பு மூடி. அதன் வயிற்றில் என் கையால் வரைந்த ஒரு மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, கீழே 'கடும் விஷம்' என்று கொட்டை எழுத்து. மண்டையோடு லேசாகச் சிரித்த மாதிரி அமைந்துவிட்டது. படம் வரைவதில் எனக்கு அவ்வளவுதான் வரும். உள்ளே இருந்தது நன்னாரி சர்பத். ஒவ்வொரு வருஷமும் முதலாண்டுப் பிள்ளைகள் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குள் முதன்முதலாகக் கால் வைக்கிற அன்று, "இங்கே எதையும் வாயில் வைக்கக்கூடாது, எதையும் மோந்து பார்க்கக்கூடாது" என்று அரை மணி நேரம் கடுமையாகப் பேசுவேன். பேச்சு முடிகிற இடத்தில் தொண்டை வறண்டவன் போல அந்தப் பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்கே விட்டேன்?" என்று கேட்பேன். ஒரு பெண் மயங்கியே விழுந்திருக்கிறாள். ஒரு பையன் என்னை வாந்தியெடுக்க வைக்க வாய்க்குள் விரலை விட்டான், பயத்தில் கடித்துவிட்டேன். அவன் இப்போது துபாயில் நன்றாக இருக்கிறான், அந்த விரலைப் படம் எடுத்து அவ்வப்போது அனுப்புவான்.

காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரி. பெயரைச் சொல்லவில்லை, கல்லூரி ஒரு பாவமும் செய்யவில்லை, செய்ததெல்லாம் நான்தான். அங்கே நான் டெமான்ஸ்ட்ரேட்டர். பேராசிரியர்கள் கரும்பலகையில் எழுதுவதை மேஜை மேல் நிஜமாக நடத்திக் காட்டுகிற வேலை. எனக்கு உதவிக்கு இருந்தவர் ஆய்வுக்கூட அட்டெண்டர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முதல்வரிலிருந்து முதலாண்டு வரை எல்லாருக்கும் அவர் லேப்பக்கா. திருமலைராயன்பட்டினத்துக்குக் கிழக்கே பட்டினச்சேரியில் வீடு. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இரண்டு பஸ் மாறி, எனக்கு முன்னால் வந்து, கதவைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்து, முந்தின நாள் வாசனையை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்.

வாசனை என்று சொன்னது சும்மா இல்லை. லேப்பக்காவின் ராஜ்ஜியமே அதன் மேல்தான் நடந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவர். தமிழ் சரளமாகப் படிப்பார், பாட்டில்களின் மேல் இருந்த ஆங்கிலம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மூடியைத் திறந்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான், எந்த அலமாரி, எந்த வரிசை என்று கை தானாகப் போகும். மஞ்சள் பொடியாக இருக்கிற அயோடோபாம் அவர் கணக்கில் 'ஆஸ்பத்திரி', ஒரு காலத்தில் புண்ணுக்குத் தூவிய மருந்து அதுதான் என்பதால் பெயர் சரியாகவே இருந்தது. கார்பன் டைசல்பைடு 'அழுகின முள்ளங்கி'. கந்தகம் சேர்ந்த ஒரு சின்னக் குப்பிக்கு 'சிலிண்டர்' என்று பெயர். அதைக் கேட்டு நான் அசந்துபோனேன். சமையல் வாயுவுக்கு வாசனையே கிடையாது, கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று அந்தக் குடும்பத்துக் கந்தகச் சேர்மம் ஒன்றைத்தான் துளி கலக்கிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மூக்கு சொல்லித் தந்திருந்தது.

"அக்கா, கடல் வாசனை இருக்குல்ல, அதுவும் கந்தகந்தான். கார்பன் ரெண்டு, நடுவுல ஒரு கந்தகம். பாசியெல்லாம் விடுற வாயு," என்று ஒருநாள் என் புலமையைக் காட்டினேன்.

"கடலுக்கும் லேபிள் ஒட்டியாச்சா சார்?" என்றார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன். அவரு மீனுதான் இருக்குன்னு நெனச்சிக்கிட்டுப் போறாரு."

குளோரோபாமுக்கு அவர் வைத்த பெயர் 'இனிப்பு'. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று விளங்காது. ஒரு கார்பன், அதைச் சுற்றி நாலு ஹைட்ரஜன். சாண எரிவாயுவில் இருக்கிற சாதுவான மீத்தேன் அது. அந்த நாலு நாற்காலியில் ஒவ்வொன்றாக ஹைட்ரஜனை எழுப்பிவிட்டுக் குளோரினை உட்கார வைத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் குணம் மாறும். ஒன்று உட்கார்ந்தால், பழைய காலத்துக் குளிர்பதனப் பெட்டிகளில் ஓடிய வாயு. இரண்டு உட்கார்ந்தால் பெயிண்டைக் கரைத்து உரிக்கிற திரவம். மூன்று என்றால் குளோரோபாம், ஆளைத் தூங்க வைக்கும். நான்கும் குளோரின் என்றால் ஒரு காலத்தில் தீயணைக்கவும் பட்டுத்துணியில் கறை எடுக்கவும் பயன்பட்டது, ஈரலைக் கெடுக்கிறது என்று இப்போது ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இதில் மூன்றாவதுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெளிச்சமும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் தனக்குள்ளேயே மெல்ல மெல்லப் பாஸ்ஜீன் ஆகும். உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குள் விட்டுப் படைகளைக் கொன்ற வாயு. அதனால்தான் குளோரோபாமைப் பழுப்புப் பாட்டிலில் வைக்க வேண்டும், காற்றுக்கு இடமில்லாமல் கழுத்து வரை நிரப்ப வேண்டும், கொஞ்சம் ஆல்கஹால் சேர்க்க வேண்டும். இருபது வருஷமாக இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தேர்வில் தவறாமல் வருகிற கேள்வி. யாராவது 'பழுப்பு' என்ற சொல்லை எழுத மறந்தால் ஈவிரக்கமில்லாமல் மார்க்கைக் குறைப்பேன்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில், கல்லூரி திறப்பதற்கு முதல் நாள், என் சர்பத் பாட்டில் கை நழுவி உடைந்துவிட்டது. மறுநாள் முதலாண்டு வருகிறது. மண்டையோடு ஒட்ட எனக்கு அசல் பழுப்புப் பாட்டில் வேண்டும். அலமாரியில் குளோரோபாம் இருந்தது, மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அதை ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றினேன். ஜன்னல் விளிம்பில் வைத்தேன். வைத்தது பத்து நிமிஷத்துக்காக. பழுப்புப் பாட்டிலை ஏழு தடவை கழுவிக் காயவைத்துவிட்டு, வேறொரு பழுப்புப் பாட்டில் தேடிப்பிடித்து இதை மாற்றி, லேபிள் ஒட்டிவிடலாம் என்று எண்ணம். பிறகு மண்டையோடு வரைய உட்கார்ந்தேன். வரைகிற சுவாரசியத்தில் மறந்துபோனது. ஜன்னல் விளிம்பில் நாலைந்து காலிப் புட்டிகளுக்குப் பின்னால், பாதிக்கு மேல் காற்றோடு, மேற்கு வெயிலில், அந்த வெள்ளைப் பாட்டில் ஆனியிலிருந்து தை வரை நின்றது.

ஜன்னலுக்கு வெளியே வயல். பாதி என் சித்தப்பாவுடையது. தை கடைசியில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுவடை மெஷின் காலையிலிருந்து ஊளையிட்டுக்கொண்டு போய் வந்தது. அது ஒரு சனிக்கிழமை. அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. மாடித் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார் கெட்டிருந்ததால் லேப்பக்கா கீழேயிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து நிரப்பியிருந்தார். இன்னும் பத்துக் குடமாவது வேண்டும். நடுவில் இளைப்பாற வேண்டி ஜன்னல் விளிம்பை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். அவருக்கு இளைப்பாறுவது என்றால் அதுதான்.

முதுகு காட்டி உட்கார்ந்து பியூரெட்டுக் குழாயின் திருகுக்கு வாசலின் பூசிக்கொண்டிருந்தேன். மூடி திறந்தபோது 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு மூக்கு இழுக்கிற சத்தம். பிறகு இன்னொன்று. பெயர் வைக்க முடியாத வாசனை என்றால் அவர் விடமாட்டார். மூன்றாவது இழுப்பு, ஆழமாக.

"சார், இது என்ன புதுசா வாங்கியிருக்கீங்க? வைக்கோல் வாசம் வருது."

"அது எங்க சித்தப்பா வயலுக்கா," என்றேன் திரும்பாமல். "மெஷின் ஓடுதுல்ல. அவருக்கு வாசனைக்குத் தனியாக் காசு குடுக்கணும்."

"இல்ல சார். இனிப்பாவும் இருக்கு, புது வைக்கோலாவும் இருக்கு. தொண்டைய லேசாக் கரகரங்குது."

திரும்பினேன். அவர் கையில் வெள்ளைப் பாட்டில்.

பாஸ்ஜீனின் வாசனை புதிதாக அறுத்த வைக்கோல் போல இருக்கும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது ஒரு மனிதன் இதைப் படித்தவுடன் உயிர் பிழைத்துக்கொள்வான். கோட்டுச்சேரிக்காரனுக்குத் தையில் அந்த வரியால் என்ன பிரயோஜனம்? ஊரே பாஸ்ஜீனாகத்தான் மணக்கும். நான் எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது, பியூரெட் விழுந்தது, என் மூக்குக்கண்ணாடி விழுந்தது. பாட்டிலைப் பிடுங்கி மூடினேன். ஜன்னலை மூடினேன். அது தப்பு என்று உறைத்ததும் திறந்தேன். அக்காவின் தோளைப் பிடித்து வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன சார், இன்னைக்கி புது வெளாட்டா?"

என்னிடம் ஒரு வழி இருந்தது. நல்ல குளோரோபாமில் வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டால் ஒன்றும் ஆகாது. கெட்டுப்போனது என்றால் அதிலிருக்கும் அமிலம் வெள்ளையாகத் திரியும். பாட்டிலை வாயு போக்கிப் பெட்டிக்குள் தூக்கிப்போய், ஒரு சோதனைக் குழாயைத் தண்ணீரில் அலசி, அதில் கொஞ்சம் ஊற்றி, வெள்ளி நைட்ரேட் நாலு சொட்டு விட்டேன். பால் மாதிரி வெளுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, குழாயை அலசியது லேப்பக்கா சுமந்து வந்த தண்ணீரில். எங்கள் பக்கத்து நிலத்தடித் தண்ணீரில் பருப்பே வேகாது, அவ்வளவு உப்பு, உப்புக்கும் அந்தக் கரைசல் வெளுக்கும். வெறும் தண்ணீரை ஒரு குழாயில் பிடித்து அதிலும் சொட்டு விட்டேன். அதுவும் வெளுத்தது. உப்பில்லாத வாலைவடித் தண்ணீர் முந்தின வாரமே தீர்ந்திருந்தது. ஆக வாசனையும் ஊர் முழுக்க, வெள்ளையும் ஊர் முழுக்க. இருபது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், இரண்டு வெள்ளைக் குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு, எது விஷம் எது கிணற்று நீர் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாயுவின் சூழ்ச்சி என்ன தெரியுமா? உடனே ஒன்றும் செய்யாது. சுவாசித்தவர் நன்றாக இருப்பார், நடப்பார், சாப்பிடுவார், மூட்டை தூக்குவார். மணிக்கணக்கில் கழித்து நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். கடலில் விழாமலே மூழ்குவது. அந்த இடைவெளியில் உடம்பை அசைத்து உழைத்தால் மூழ்குவது சீக்கிரம் நடக்கும். மாற்று மருந்து கிடையாது. அசையாமல் படுத்திருக்க வேண்டும், பக்கத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டும்.

வராந்தாவுக்கு ஓடினேன். லேப்பக்கா இல்லை. மாடிப்படியில் குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தார்.

"அக்கா! எறக்கி வைங்க! நடக்காதீங்க! அப்படியே படியில உக்காருங்க!"

"போங்க சார். போன மாசம் எம் முதுகுல பல்லி இருக்குன்னு சொல்லி அரை மணி நேரம் அசையாம நிக்க வெச்சீங்க."

"இது நிசம் அக்கா. எங்க அம்மா மேல ஆணை."

"ஒங்க அம்மா மேல போட்ட ஆணையிலேயே இதுதான் பத்தாவது. பாவம் அவங்க."

குடத்தைப் பிடுங்கினேன். தண்ணீர் இரண்டு பேர் மேலும் கொட்டியது. வகுப்பிலிருந்து வெளியே வந்த பிள்ளைகள் படியைச் சுற்றி நின்று சிரித்தார்கள். ஒருத்தன் செல்போனில் படமெடுத்தான். விழுந்து விழுந்து சொன்னேன், கையெடுத்துக் கும்பிட்டேன், குரல் கீச்சென்று போனது. நான் பதற்றப்படப் பதற்றப்பட அவர்களுக்கு அது இன்னும் நல்ல நடிப்பாகப் பட்டது. ஒருத்தி, "சார், சூப்பர் சார்," என்றாள். இவ்வளவு வருஷம் ஆளாளுக்கு நான் கொடுத்த கூத்துக்கெல்லாம் அந்தப் படிக்கட்டில் என்னிடம் கூலி வாங்கினார்கள்.

கடைசியில் வாட்ச்மேன் பாய்தான் வந்தார். கூட்டத்தை விலக்கி என் முகத்தையே பார்த்தார். "சாருக்கு மூக்கு ஒழுகுது," என்றார். "வெளாட்டுன்னா மூக்கு ஒழுகாது. என்ன செய்யணும், சொல்லுங்க." நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னேன். அக்காவை அதில் உட்கார வைத்து, முன்னால் பாயும் பின்னால் நானுமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். "யா அல்லா, மெதுவா சார், எம் முட்டி," என்று பாய் ஒவ்வொரு படிக்கும் சொன்னார். அக்கா வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சாமி ஊர்வலம் போவதாகப் பிள்ளைகள் கைதட்டி வழிவிட்டார்கள். ஆட்டோவில் ஏற்றி நகரத்துக்குள் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் அக்கா போன் போட்டு வீட்டுக்காரரிடம், "ஒன்னுமில்லீங்க, சாருக்குத்தான் என்னமோ ஆயிடிச்சி, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போறேன்," என்றார்.

டியூட்டி டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. நாடி பார்த்தார், விரலில் கருவி மாட்டினார், நெஞ்சில் குழல் வைத்தார், படம் எடுத்தார். எல்லாம் சுத்தம். "அம்மா நல்லா இருக்காங்களே," என்றார். லேப்பக்கா என்னைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோல் தலையை ஆட்டினார். பாஸ்ஜீன் என்றேன், குளோரோபாம் என்றேன், நாளைக் காலை வரை படுக்க வைக்க வேண்டும் என்றேன். டாக்டர் பேனாவை மூடியபடி கேட்டார்.

"பாட்டில்ல லேபிள் இல்லேங்கிறீங்க. அப்ப அது குளோரோபாம்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"யாரோ... வெள்ளைப் பாட்டில்ல மாத்தி ஊத்தியிருக்காங்க டாக்டர்."

"யாரோன்னா? அவங்கள வரச் சொல்லுங்க. என்ன ஊத்துனாங்க, எத்தன நாள் வெயில்ல இருந்துச்சுன்னு தெரியணும். அவங்க வைக்கோல் வாசனைங்கிறாங்க, வெளியில அறுப்பு நடக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. இத வெச்சு நான் என்னன்னு எழுதி அட்மிட் பண்றது? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, மூச்சுத் திணறுனா வாங்க."

மூச்சுத் திணறினால். பட்டினச்சேரியிலிருந்து எத்தனை நிமிஷம் என்று மனம் கணக்குப் போட்டது. அதே நேரத்தில் அதே மனம் இன்னொரு கணக்கும் போட்டது: விசாரணை, வேலை, மாணவர்கள், மண்டையோடு, சர்பத். அந்த நொடி பார்த்து அக்காவின் வீட்டுக்காரர் வேறு உள்ளே வந்து நின்றார். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர், கைலியும் பனியனுமாக அப்படியே பைக்கில் வந்திருந்தார். என் தொடை அளவுக்கு அவர் கை. அந்த நிலைமையிலும் என் வாயில் ஒரு நகைச்சுவை வந்து நின்றது. நல்ல நகைச்சுவை. சொல்லியிருந்தால் டாக்டரே சிரித்திருப்பார், எல்லாரும் சிரித்தபடி கலைந்து போயிருப்போம், நானும் தப்பியிருப்பேன். என் வாழ்நாளில் வாய்க்கு வந்ததை விழுங்கிய முதல் தடவை அது.

"நான்தான் ஊத்துனேன் டாக்டர். ஆனி மாசம். குளோரோபாம்தான், நானே பாத்து ஊத்துனேன். ஏழு மாசம் வெயில்ல இருந்திருக்கு. பழுப்புப் பாட்டில் எனக்கு வேண்டியிருந்தது. சர்பத் ஊத்தி வைக்க."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் பேனாவைத் திறந்தார். லேப்பக்கா சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். வலிக்கிற குரலில்கூட இல்லை, அலமாரியில் ஒரு புட்டி இடம் மாறியிருந்தால் கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார்: "ஏன் சார், ஒரு லேபிள் ஒட்டியிருக்கலாம்ல?"

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "பொழச்சிருவாளா?" என்றார். தெரியவில்லை என்றேன். "படிச்சவங்கதானே நீங்க?" என்றார். அடித்திருக்கலாம்.

நாலு மணிக்கு இருமல் வந்தது. முதல் இருமலில் நான் எழுந்து நின்றுவிட்டேன். தண்ணீர் குடித்தது புரையேறியது என்று அக்கா கையைக் காட்டினார். ஐந்து மணிக்குள் அது வறட்டு இருமல் இல்லை, நுரைத்த இருமல். விரலில் மாட்டிய கருவியின் எண் இறங்கிக்கொண்டே வந்தது. முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், இன்னொரு பெரிய டாக்டர் வந்தார். முன்கூட்டியே படுக்க வைத்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் சொல்வதற்கில்லை என்று அவர் சின்ன டாக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவா, தண்டனையாக எடுத்துக்கொள்ளவா? ஏழு மாதம் கொன்றுவிட்டு ஏழு நிமிஷம் காப்பாற்றியவனுக்கு என்ன மார்க் போடுவது? அன்றைய இரவைப் பற்றி எழுத மாட்டேன். வீட்டுக்காரரும் நானும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். நான் பேசாமல் இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

மூன்றாம் நாள் முகமூடியை எடுத்தார்கள். கதவோரம் நின்ற என் பக்கம் தலையைத் திருப்பாமலே அக்கா மூக்கைச் சுருக்கி, "சார் இன்னும் வீட்டுக்குப் போகலையா? போயி குளிக்கச் சொல்லுங்க," என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். நான் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் நின்ற நர்ஸ், ஆள் போய்விட்டது என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

கல்லூரியில் எழுதிக் கொடுத்தேன், முழுதும், சர்பத் உட்பட. குறிப்பாணை வந்தது, அலமாரிச் சாவி என்னிடமிருந்து போனது, பாட்டில்கள் எல்லாவற்றுக்கும் தமிழில் லேபிள் வந்தது. ஆனால் ஊருக்கு அதெல்லாம் ஞாபகமில்லை. ஊர் வைத்துக்கொண்டது படிக்கட்டுப் படத்தைத்தான். லேப்பக்காவைச் சாமி மாதிரி நாற்காலியில் தூக்கிக்கொண்டு நான் மூக்கு ஒழுக இறங்குகிற அந்தப் படம் ஆறு வருஷமாகச் செல்போன்களில் சுற்றுகிறது. கதை மெல்ல மாறியது. கெட்ட வாசனைக்குப் பயந்து டெமான்ஸ்ட்ரேட்டர் போட்ட கூத்து என்று ஆனது. திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. சிரிக்கிற கூட்டத்துக்கு நடுவில் ஒளிந்துகொள்வது எனக்குப் பழகிய இடம்.

இந்த வருஷம் லேப்பக்கா ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழா. பேச என்னைக் கூப்பிட்டதும் பிள்ளைகள் விசிலடித்தார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இவங்க ஒரு நாள் சாகக் கெடந்தாங்க. அதுக்குக் காரணம் நான். ஒரு பாட்டிலுக்கு ஆசைப்பட்டு, இவங்க நெஞ்சக் கெடுத்தேன்." மண்டபம் அதிர்ந்தது. மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். "நிசமாத்தான் சொல்றேன்," என்றேன். இன்னும் சிரித்தார்கள். முன்வரிசையில் முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்துச் சிரித்து. நான் மேடையில் வாயைத் திறந்தபடி நின்றேன், அதற்கும் சிரித்தார்கள். லேப்பக்கா எழுந்து வந்து ஒலிபெருக்கியை என் கையிலிருந்து வாங்கினார். "சார் சொல்றது உண்மை," என்றார். அவ்வளவுதான், ஒரேயடியாகக் கைதட்டல்.

மேடைக்கு நாலு படி. மாலையும் சால்வையுமாக அவர் இறங்கினார், நான் பின்னால். இரண்டாவது படியில் நின்றார். அவர் ஏன் நிற்கிறார் என்று அந்தக் கல்லூரியிலேயே ஒருத்தனுக்குத்தான் தெரியும். ஆறு வருஷமாக ஆய்வுக்கூட மாடிக்கு ஏறும்போது பாதியில் நின்று, ஜன்னல் வழியே எதையோ பார்ப்பது போல் காட்டிக்கொள்வார். அன்று ஜன்னல் இல்லை. மாலைக்குள்ளே நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. நான் எட்டி முழங்கையைப் பிடித்தேன். எதிரே எல்லாரும் எங்களையே பார்த்து, சிரிப்பு அடங்காமல் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கூப்பிடவா அக்கா? நாற்காலி?"

"வேணாம் சார். கொஞ்சம் நில்லுங்க. போயிடலாம்."

நின்றேன். அவர் மூச்சு இழுப்பதை எண்ணிக்கொண்டு நின்றேன். பதினொன்று. பன்னிரண்டு. பிறகு மூன்றாவது படி.